சிறு அலுவலகச் சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள சிறு அலுவலகத்துக்குக் கோப்புகளைப் பகிர ஒரு சர்வர் தேவையெனில், விண்டோஸ் சர்வர் உரிமம் வாங்குமுன், பழைய 64 பிட் கணினி ஒன்றில் (8 ஜிபி நினைவகம் தாராளம்) ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையுடன் நிறுவி, விண்டோஸ் கணினிகளும் கோப்புகளை அணுக உதவும் சம்பா என்ற மென்பொருள் வழியாகப் பகிர்ந்து பாருங்கள்.

இதற்கு உரிமக் கட்டணமோ ஆளுக்கொரு அணுகல் உரிமமோ கிடையாது. பழைய தரவின் மேலேயே எழுதாமல், புதியதை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே இசட்எஃப்எஸ் அதனை ஏற்பதால், இரண்டு பருவமழைகளையும் காணும் நம் மாவட்டத்தில் திடீரென மின்சாரம் போனாலும் கோப்பு முறைமை குலைவதில்லை. கடைசிச் சில நொடிகளில் எழுதியவை மட்டும் தவறலாம். (யுபிஎஸ் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல.)

டாலி போன்று விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளைச் சர்வரிலேயே இயக்க வேண்டியவர்களுக்கு இது பொருந்தாது.