வீட்டில் பதிவு செய்த வீணை: ஏறி இறங்கும் சத்தத்தைச் சமன் செய்வது எப்படி

வீட்டில் வீணையைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். மீட்டு (தந்தியை விரலால் சுண்டுவது) காதில் அறைகிற மாதிரி விழும், அதே மீட்டில் தந்தியை இழுத்து வாசித்த கமகத்தின் வால் ஃபேன் சத்தத்துக்குள் காணாமல் போகும், நடுநடுவே சுண்டுவிரல் படும் தாளத் தந்தி மட்டும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். நான் முதலில் கம்ப்ரஸரைத்தான் (பலமான சத்தத்தை அமுக்கி, மெல்லியதற்கும் பலமானதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) போட்டேன். கமகம் மேலே வந்தது, கூடவே ஃபேனும் தெருநாயும் வந்தன.

அதனால் முதல் வேலை மைக். குடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, விரல் வைத்து வாசிக்கும் மெட்டுகள் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். அரை நிமிடம் வாசித்துக் கேளுங்கள். தாளத் தந்தி உறுத்தினால் மைக்கைத்தான் நகர்த்த வேண்டும். பதிவை 24 பிட்டில் வைத்து, மிகப் பலமான மீட்டு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை, அதாவது மைக்கிலிருந்து உள்ளே வரும் சத்த அளவை, குறையுங்கள். பூஜ்யம்தான் பதிவின் உச்ச வரம்பு; அதில் முட்டி உடைந்த மீட்டை முழுசாகத் திரும்பப் பெற முடியாது. போனில் பதிவு செய்தால் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள், இடைவெளி வரும்போதெல்லாம் அது அறைச் சத்தத்தைத் தூக்கிவிடும்.

அடுத்து கைவேலை. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் எஃப்2 அழுத்தினால், இடத்துக்கு இடம் சத்தத்தைக் கையால் ஏற்றி இறக்கும் என்வலப் டூல் வரும். அதில் துருத்திக்கொண்டு நிற்கும் தாளத் தட்டுகளை மட்டும் 3, 4 டெசிபல் இறக்குங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், அலுப்பான வேலைதான், ஆனால் பாதிக்கு மேல் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். கமகத்தை மட்டும் தட்டையாக்காதீர்கள். அது தேய்வதும் சங்கீதத்தில் சேர்த்திதான்.

சரி, இப்போது கம்ப்ரஸர். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 2:1, அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 30 மில்லி செகண்ட், ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 200 மில்லி செகண்ட். அட்டாக்கை 2, 3க்குக் குறைத்தால் நகம் தந்தியில் படும் அந்தச் சின்ன ஒலி மழுங்கி, வீணை பஞ்சில் சுற்றியது போலாகிவிடும். பலமான மீட்டில் 3 டெசிபலுக்கு மேல் குறைகிறதென்றால் திரெஷோல்டை (எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்ற எல்லை) கொஞ்சம் ஏற்றுங்கள்.

கடைசியாக லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி சத்தத்தின் அளவு) கொடுங்கள். ஓரிரு மீட்டு பூஜ்யத்தைத் தாண்டினால் லிமிட்டரை (வைத்த எல்லையைத் தாண்டவிடாமல் தடுப்பது) மைனஸ் 1 டெசிபலில் வைத்தால் போதும். அப்புறம் ஸ்பீக்கரில் சத்தத்தை நன்றாகக் குறைத்து ஒருமுறை கேளுங்கள். கமகத்தின் முடிவு காதில் விழவில்லையென்றால் கம்ப்ரஸரை முறுக்காமல், திரும்ப என்வலப்புக்கே போய் அந்த இடத்தை மட்டும் 2 டெசிபல் தூக்குங்கள்.