சொலிசிட்டர் இல்லாமல் புரோபேட்: நான் செய்த தவறுகளையே இப்போது மற்றவர்களும் செய்கிறார்கள்

போன மாதம் மச்சாள் போன் எடுத்தாள். மாமா இறந்து நாலு மாதம், புரோபேட் கிராண்ட் (இறந்தவரின் சொத்தைக் கையாள அனுமதிக்கும் பத்திரம்) கைக்கு வந்து மூன்று நாள். "எல்லாம் முடிஞ்சுது, நாளைக்கு எல்லாருக்கும் காசை அனுப்பப் போறன்" என்றாள். எனக்குப் பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, 2019இல் அதே வேலையைச் செய்த என் மேல்.

அம்மா தன் மரணசாசனத்தில் என்னை எக்ஸிகியூட்டராக, அதாவது அதை நிறைவேற்றும் பொறுப்பாளியாக, போட்டிருந்தார். ஒரு சொலிசிட்டரிடம் விசாரித்தேன், அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு நானே செய்கிறேன் என்று வந்துவிட்டேன். அதில் தவறில்லை. சிக்கல் இல்லாத சொத்தென்றால் இன்றைக்கும் நானேதான் செய்வேன். 2024 மே மாதம் விண்ணப்பக் கட்டணத்தை 273 பவுண்ஸிலிருந்து 300 ஆக்கினார்கள், அப்படியிருந்தும் சொலிசிட்டர் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. சொத்து 5,000 பவுண்ஸுக்குள் என்றால் அந்தக் கட்டணமும் கிடையாது.

விண்ணப்பத்தில் பெயரில் எழுத்துப் பிழை, தேதியில் பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை புரோபேட் அலுவலகத்தாரே திருப்பி அனுப்பித் திருத்த வைப்பார்கள். அப்புறம், இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்கொட்லாந்தில் முறையே வேறு.

கிராண்ட் வந்த கையோடு காசைப் பிரிப்பது

அம்மா கவுன்சில் வாடகை வீட்டில் இருந்தவர். விட்டுப் போனது வங்கியில் ஏறத்தாழ 40,000 பவுண்ஸும் ஒரு தாலிக்கொடியும். பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இதைவிட எளிய கணக்கு இருக்கிறதா?

கிராண்ட் ஒரு வியாழக்கிழமை தபாலில் வந்தது. அண்ணா டொரொன்டோவிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் "என்ன, இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கச்சி கேட்கவில்லை, ஆனால் அவள் கேட்காமல் இருந்த விதமே கேட்பது போல இருந்தது. வங்கி காசை விடுவித்த அன்றே மூன்றாகப் பிரித்து அனுப்பிவிட்டு, பெரிய பாரம் இறங்கியது என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்து வாரம் கழித்து அரசின் உதவிப்பணத் துறையிலிருந்து ஒரு பழுப்பு நிற உறை வந்தது. அம்மா பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவிப்பணம்) எடுத்தவர். புரோபேட் பதிவில் இருந்த தொகையையும் அவர் அந்த உதவிப்பணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த சேமிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, சீட்டு எடுத்த காசையெல்லாம் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்திருந்தார், அது சேமிப்பென்றே அவருக்குத் தோன்றவில்லை. விதி இதுதான்: சேமிப்பு 10,000 பவுண்ஸைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 500 பவுண்ஸுக்கும் வாரம் 1 பவுண் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். 30,000 இருந்தால் வாரம் 40. ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், 10,400 வரும். எங்களிடம் கேட்டதும் ஏறத்தாழ அதே தொகைதான்.

அண்ணாவிடம் சொன்னபோது "அது செலவழிஞ்சு போச்சு" என்றார். தங்கச்சி தன் பங்கைத் திருப்பி அனுப்பினாள். அண்ணாவின் பங்கை நான்தான் கட்டினேன். ஏனென்றால் இறந்தவரின் கடனை முதலில் அடைத்துவிட்டுத்தான் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும், மாற்றிச் செய்த எக்ஸிகியூட்டர் தன் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும். கொடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்தான், கூடப்பிறந்த அண்ணன் மேல் யார் வழக்குப் போடுவது?

இதைக் கேட்கிறவர்கள் உடனே "கெசட்டில் அறிவித்தல் போட்டிருந்தால் தப்பியிருக்கலாமே" என்பார்கள். 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 27ஆம் பிரிவு அது. லண்டன் கெசட்டில் (அரச அறிவித்தல் பத்திரிகையில்) கடன்காரருக்கு ஓர் அறிவித்தல், வீடோ காணியோ இருந்தால் அந்தப் பகுதிப் பத்திரிகையிலும் ஒன்று, குறைந்தது இரண்டு மாதம் அவகாசம். அதற்குள் வராத கடன்காரருக்கு நீங்கள் சொந்தமாகப் பொறுப்பில்லை. கட்டாயம் போடுங்கள். ஆனால் என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது என்னவென்றால், நான் அதைப் போட்டிருந்தாலும் தப்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அந்தப் பாதுகாப்பு உங்களுக்குத் தெரியாத கடனுக்கு மட்டும். பென்ஷன் கிரெடிட் கடிதங்கள் அம்மாவின் லாச்சியில் கட்டாக இருந்தன, வங்கிப் புத்தகமும் அதே லாச்சியில் இருந்தது, இரண்டையும் என் கையால்தான் எடுத்தேன். ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இறந்தவர் எந்த உதவிப்பணம் எடுத்திருந்தாலும், நீங்களே அந்தத் துறைக்கு எழுதி ஏதாவது திருப்பித் தர இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு பென்ஸ்கூட அனுப்பாதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, துணையோ பிள்ளையோ இறந்தவரை நம்பி வாழ்ந்த ஒருவரோ, மரணசாசனத்தில் தமக்குப் போதியது விடப்படவில்லை என்று வழக்குப் போடலாம். கிராண்ட் வந்த தேதியிலிருந்து ஆறு மாதம் அவகாசம். போட்ட வழக்கை உங்களிடம் சேர்ப்பிக்க மேலும் நாலு மாதம் உண்டு, அதனால்தான் சில சொலிசிட்டர்கள் பத்து மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். மாமாவுக்கு முதல் கலியாணத்தில் ஒரு மகன் இருக்கிறார், மரணசாசனத்தில் அவர் பெயரே இல்லை. மச்சாளிடம் இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவசரப்படுத்தும் உறவுகளுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் சட்டத்திலேயே இருக்கிறது: இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் முடியும்வரை, பிரித்துத் தா என்று எக்ஸிகியூட்டரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அண்ணாவின் போனை நிம்மதியாக எடுத்திருப்பேன். யாருக்காவது உண்மையிலேயே பணமுடை என்றால் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பிடித்து வையுங்கள்.

"பத்து லட்சம் வரை வரி இல்லை, படிவம் எதற்கு?"

கோயிலில் கேட்ட கதையை நம்பி இதைச் செய்கிறார்கள். வாரிசு வரி, அதாவது இறந்தவரின் சொத்துக்கு வரும் வரி, இல்லாத எல்லை ஒருவருக்கு 325,000 பவுண்ஸ், 2009இலிருந்து அதே தொகைதான். சொந்த வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் மேலும் 175,000. முன்பே இறந்த துணை பயன்படுத்தாமல் விட்டதையும் சேர்த்தால்தான் பத்து லட்சம். அந்த வீட்டுச் சலுகை தானாக வராது. அது இல்லாமல் எல்லை தாண்டுகிற சொத்தென்றால், கட்ட வரியே இல்லாவிட்டாலும் ஐ.எச்.டி 400 என்ற நீண்ட படிவத்தை நிரப்பி, கூடவே அந்தச் சலுகையைக் கேட்கும் 435 படிவத்தையும் வைக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து சிறிய சொத்துகளுக்குப் பழைய 205 படிவம் தேவையில்லை என்றாகிவிட்டது, அதைக் கேட்டுவிட்டு எந்தப் படிவமும் தேவையில்லை என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வரி வருமானால் அது 40 வீதம். இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். கிராண்ட் இல்லாமல் வங்கி காசு தராது, வரியில் ஒரு பகுதியாவது கட்டாமல் கிராண்ட் வராது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஐ.எச்.டி 423ஐப் பாருங்கள். இறந்தவரின் கணக்கிலிருந்தே வங்கி நேராக வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். வீட்டுக்கான வரியைப் பத்து வருடத் தவணையிலும் கட்டலாம்.

வீட்டு விலையைக் குறைத்துப் போடுவது

கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். எப்படியும் வரி வராத சொத்துக்கு விலையைக் குறைத்துப் போட்டால், விற்கும்போது அந்த வித்தியாசம் லாபமாகத் தெரியும், எக்ஸிகியூட்டராக விற்றால் அந்த லாபத்துக்கு 24 வீதம் வரி, விற்பனை முடிந்து 60 நாளுக்குள் அறிவித்துக் கட்டவும் வேண்டும். வரி வருகிற சொத்தில் குறைத்துப் போட்டால் மதிப்பீட்டாளரை அனுப்பிக் கேள்வி கேட்பார்கள், அபராதமும் வரலாம்.

ஊர்க் காணி

"அது ஊரில்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 6இலிருந்து, கடைசி 20 வரி வருடங்களில் குறைந்தது 10 வருடம் இங்கே வசித்தவர் என்றால் உலகத்தில் எங்கிருக்கும் சொத்தும் இங்கத்தைய கணக்கில் வரும், யாழ்ப்பாணத்துக் காணியும்தான். ஆனால் இங்கே எடுத்த கிராண்டை மட்டும் காட்டி அங்கே உறுதியை மாற்ற முடியாது, அதற்கு அங்கே தனியாக அலைய வேண்டும்.

மரணசாசனத்தின் ஸ்டேப்பிள்

கழற்றாதீர்கள். கொப்பி எடுக்கவும் கழற்றாதீர்கள். துளையைப் பார்த்தால், இதோடு இணைத்திருந்த வேறு தாள் எங்கே என்று விளக்கம் கேட்பார்கள்.

ஆளில்லாத வீடு

காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த வாரமே சொல்லுங்கள். பல ஒப்பந்தங்களில் 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் குழாய் வெடித்தாலும் ஒன்றும் கிடைக்காது.

தொட்டுவிட்டு விலகப் பார்ப்பது

எக்ஸிகியூட்டர் வேலை வேண்டாம் என்றால் எதையும் தொடுமுன் எழுதிக் கொடுங்கள். சாமானை விற்று, கடனை வசூலித்துவிட்டுப் பிறகு எனக்கு ஏலாது என்றால் விடமாட்டார்கள்.

கிராண்ட் பிரதிகள்

விண்ணப்பிக்கும்போதே கூட நாலைந்து கேளுங்கள். நான் ஒன்றே ஒன்று எடுத்து, அதை ஒரு வங்கியில் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை அடுத்த வங்கிக்குப் போக வழியில்லாமல் மூன்று வாரம் இருந்தேன்.