கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கு அரசு காசு ஒதுக்கணும்னா யார்கிட்ட, எப்போ, எப்படி கேக்கணும்: ராமநாதபுரம் கடலோரப் பெற்றோருக்கு

பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம், தொண்டின்னு எங்க போனாலும் டீச்சர்மார் சொல்றது ஒண்ணுதான், இந்தப் பிள்ளை வகுப்ப விட ரெண்டு வருஷம் முன்னாடி போகுது, ஆனா அடுத்து எங்க அனுப்புறதுன்னு தெரியல. மதுரைல காசுள்ள வீடா இருந்தா ஒலிம்பியாட் கோச்சிங், ரோபோ கிளாஸ்னு அனுப்பிருவாங்க. நம்ம பிள்ளைக்கு அரசாங்கத்த விட்டா வேற ஆள் இல்ல, அதனால கேக்கணும், ஆனா "எங்க பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்க"ன்னு கேட்டா ஒண்ணும் நடக்காது. எந்தப் பிள்ளைக்கு, எந்தச் செலவுக்கு, எவ்வளவு, எந்த அதிகாரி கையெழுத்து, இந்த நாலும் மனுவுல இருக்கணும்.

முதல்ல இப்ப என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா இருக்குறதையே புதுசா கேட்டா மனு அன்னைக்கே முடிஞ்சிரும். எட்டாம் வகுப்புல என்எம்எம்எஸ்னு சொல்ற தேசிய வருவாய்வழி திறன் உதவித்தொகைப் பரீட்சை, தேர்வானா ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரை வருஷம் 12,000 ரூபா, தமிழ்நாடு பூராவுக்கும் 6,695 இடம், அரசு அல்லது உதவிபெறும் பள்ளில படிக்கணும். ஒம்பதாம் வகுப்புல ட்ரஸ்ட்னு சொல்ற ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பையங்க 50 பொண்ணுங்க, வருஷத்துக்கு வெறும் 1,000 ரூபா. பதினொண்ணுல தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாசம் 1,500. மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி, தங்கிப் படிக்கிற மாதிரி. நவோதயா பள்ளி தமிழ்நாட்டுல கிடையாது, என்டிஎஸ்இன்னு சொல்ற தேசியத் திறனாய்வுப் பரீட்சை 2021லயே நின்னு போச்சு, அதுங்கள நம்பி இருக்க வேண்டாம்.

இதுல ஓட்டை எங்கன்னா, மாதிரிப் பள்ளிய விட்டா எல்லாமே பரீட்சை எழுதுன பிறகு கைல காசு. எட்டாம் வகுப்புக்கு முன்னாடி பிள்ளையத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்கும், கண்டுபிடிச்ச பிள்ளைக்கு வாராவாரம் சொல்லிக்குடுக்கவும் இதுல இடமே இல்ல. மீன் ஏலம் போடுற எடத்துல போய் நில்லுங்க, ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு அம்மா பக்கத்துல கூடையப் பிடிச்சுக்கிட்டே டீசல் ஐஸ் செலவக் கழிச்சு, போட்டுக்காரருக்கு எவ்வளவு, ஆளுங்களுக்குத் தலைக்கு எவ்வளவுன்னு வாயாலயே பங்கு பிரிச்சிரும், பேப்பர் பென்சில் கிடையாது. அதே பொண்ணு பள்ளிக்கூடத்துல வார்த்தைக் கணக்கத் தமிழ்ல வாசிக்கத் திணறுறதால சுமாரான பிள்ளைன்னு பேர் வாங்கிருக்கும். எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்குறது இந்த இடம்தான். அதனால மனுவுல முதல் கோரிக்கையா, அஞ்சாவது ஆறாவதுலயே கடலோரப் பள்ளி ஒண்ணு விடாம பிள்ளைகளக் கண்டறியணும், மார்க்க மட்டும் பாக்கக் கூடாதுன்னு எழுதுங்க.

ரெண்டாவது கோரிக்கை சனிக்கிழமை வகுப்பு, அதுக்கு கணக்குப் போட்டுக் குடுங்க. உதாரணத்துக்கு, ஒரு ஒன்றியத்துல 40 பிள்ளை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தலைக்கு 100 ரூபா, 30 சனிக்கிழமை, ஆக 1,20,000. ரெண்டு ஆசிரியருக்கு நாளுக்கு 750 வீதம் மதிப்பூதியம் 45,000. புத்தகம், சாமானுக்கு 35,000. மொத்தம் ரெண்டு லட்சம். 2025-26 பட்ஜெட்ல பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்குனது 46,767 கோடி, அதையும் பக்கத்துல எழுதுங்க, கேக்கறது எவ்வளவு சின்னதுன்னு படிக்கிறவங்களுக்கே தெரியும். பஸ் பாஸ் இருக்கேன்னு கேப்பாங்க, பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான், சாயல்குடி பக்கத்துப் பிள்ளை சனிக்கிழமை வேற ஊருக்கு வர்றதுக்கு இல்ல. மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, மாசம் ஒருநாள் அங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போக அனுமதி வாங்கித் தரணும்னும் சேருங்க, செலவு வண்டி வாடகை மட்டும்தான்.

மனுவ தனியாளா குடுக்காதீங்க. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளில மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுறதும் அவங்க வேலை. மாசக் கூட்டத்துல இத தீர்மானமா எழுதி கையெழுத்து வாங்கி நகல் வச்சுக்கங்க. அடுத்து கிராமசபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சி, மண்டபம், தொண்டி பேரூராட்சி, அங்கல்லாம் கிராமசபை கிடையாது, பகுதி சபைல கேளுங்க. அஞ்சாறு ஊர்த் தீர்மானம் ஒண்ணா சேந்து கலெக்டர் மேசைக்குப் போனா அதோட எடையே வேற.

கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர் கூட்டம் திங்கக்கிழமை, நம்ம பக்கம் விசைப்படகு கடலுக்குப் போறது திங்கள், புதன், சனி, அதனால அப்பாமாரால வர முடியாது. அம்மாமார் போகட்டும், கடல்பாசி எடுக்கப் போற அக்காமார் நாலு பேர் சேந்து போய் நின்னா பேச்சே வேற மாதிரி இருக்கும். இல்லன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்ப அப்பாமார் வீட்ல இருப்பாங்க, ஊர்க்கூட்டம், கையெழுத்து வேலையெல்லாம் அந்த 61 நாள்ல முடிச்சிருங்க. பட்ஜெட் பிப்ரவரி மார்ச்சுல வாசிப்பாங்க, ஆனா துறைக்காரங்க கணக்கு முந்தின வருஷக் கடைசிலயே தயாராயிரும், அதனால செப்டம்பருக்குள்ள மனு போய்ச் சேரணும், ஜனவரில குடுத்தா அது அடுத்த வருஷத்துக்குத்தான்.

எந்தக் காசுன்னும் தெரிஞ்சு கேளுங்க. எம்எல்ஏ தொகுதி நிதி வருஷம் 3 கோடி, எம்பிக்கு 5 கோடி, ஆனா அதெல்லாம் கட்டடம், லேப் மாதிரி நிலைச்சு நிக்கிற சாமானுக்கு, வாத்தியார் மதிப்பூதியத்துக்கு அதுல கேட்டா நேரம் வீண். நம்ம மாவட்டம் 2018ல இருந்து மத்திய அரசோட முன்னேற விழையும் மாவட்டப் பட்டியல்ல இருக்கு, அதுல கல்விக்கு மட்டும் 30 சதவீத மதிப்பெண், முன்னேற்றம் காட்டுன மாவட்டத்துக்கு கூடுதல் நிதியும் உண்டு, அதனால கலெக்டர்கிட்ட இத எடுத்துச் சொல்லுங்க. தேசியக் கல்விக் கொள்கை 2020ல தனித்திறன் பிள்ளைங்களப் பத்தி இருக்குதான், ஆனா அத மனுவுல இழுத்தீங்கன்னா பேச்சு அரசியலுக்குப் போயிரும், மாதிரிப் பள்ளி, நான் முதல்வன்னு மாநிலத் திட்டத்தோட பேரச் சொல்லியே கேளுங்க.

"எல்லாப் பிள்ளையும் படிக்கட்டும், அதென்ன கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் தனியா?"ன்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாரு, நியாயமான கேள்விதான், கோவப்படாம பதில் சொல்லுங்க. நல்லா ஓடுற பிள்ளைக்கு அரசாங்கமே விளையாட்டு விடுதி வச்சு சோறு போட்டு பயிற்சி குடுக்குது, அத யாரும் தப்புன்னு சொல்லலயே, கணக்குல ஓடுற பிள்ளைக்கும் அதத்தான் கேக்கறோம். மத்த பிள்ளைகளோட காச எடுத்துக் கேக்கல, தனித் தலைப்புல கேக்கறோம்னு மனுவுலயே ஒரு வரி எழுதிருங்க.

மனுவோட கூட புள்ளிவிவரம் வேணும், அதுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி முதன்மைக் கல்வி அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு. மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி, திருவாடானை ஒன்றியத்துல கடந்த மூணு வருஷமா என்எம்எம்எஸ் எத்தனை பேர் எழுதுனாங்க, எத்தனை பேர் தேர்வானாங்க, பள்ளிவாரியா குடுங்கன்னு கேளுங்க. ஒருத்தர் கூட எழுதாத பள்ளி இருந்தா அதுதான் மனுவோட முதல் பக்கம்.

மனு குடுத்ததும் ரசீதும் மனு எண்ணும் வாங்காம வெளிய வராதீங்க. "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒத்த வரி பதில் வந்தா அந்த எண்ணப் போட்டு, கோப்பு இப்ப யார்கிட்ட இருக்கு, அதுல என்ன குறிப்பு எழுதிருக்காங்க, நகல் குடுங்கன்னு இன்னொரு ஆர்டிஐ போடுங்க, முப்பது நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீடு. வந்த நகல அடுத்த மேலாண்மைக் குழு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வாசிச்சு, கூட்டக் குறிப்புல ஏத்திருங்க.