உயிர்ச் சிங்கியை அண்டாவில் விடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்கா மகன் தேவகோட்டையிலிருந்து கூப்பிட்டான். "மாமா, தொண்டியில ரெண்டு சிங்கி இறால் வாங்கியாந்தேன், லாப்ஸ்டர். வரும்போது உயிரோடதான் இருந்துச்சு. அண்டாவுல தண்ணி ஊத்தி விட்டுருக்கேன். இப்ப அசைய மாட்டேங்குது."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே தவறை, இதே மாதிரி ஒரு பித்தளை அண்டாவில் நானும் செய்தேன். காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமைப்பது என் தொழில். இரண்டு மூன்று வருஷமாக, "சிங்கி இறாலை உயிரோடு வாங்கி வீட்டிலேயே செய்யப் போறோம்" என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்த அண்டாவில்தான் காசைத் தொலைக்கிறார்கள். முள் குத்தும், ஓடு கையைக் கிழிக்கும் என்பதெல்லாம் தொட்டதுமே தெரிந்துவிடும். தொட்டாலும் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

அண்டாத் தண்ணீர்

நாம் கண்மாய் ஊர்க்காரர்கள். நமக்கு உயிர் மீன் என்றால் விரால். சந்தையில் தொட்டியிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்டாவில் தண்ணீர் விட்டு, துள்ளி வெளியே விழாமல் மேலே தட்டைக் கவிழ்த்து வைப்போம். மறுநாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும். விரால் நல்ல தண்ணீர் மீன். தலையை மேலே நீட்டிக் காற்றையும் குடிக்கும். அந்தப் பழக்கத்திலேயே சிங்கியையும் அண்டாவில் விடுகிறோம். பாவம், தண்ணீர் இல்லாமல் தவிக்குமே என்ற இரக்கமும் அதில் இருக்கிறது. அந்த இரக்கமே அதைக் கொன்றுவிடுகிறது.

சிங்கி கடலை விட்டு வெளியே வராத உயிர். அதன் உடம்புக்குள் இருக்கும் உப்பும் கடல் நீரின் உப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நல்ல தண்ணீரில் விட்டதும் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளும் வழி அதற்குத் தெரியாது. காரைக்குடியில் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீரையே கொண்டுவந்து ஊற்றினாலும் கதை இதுதான்.

சிலர் கல்லுப்பைக் கரைத்து ஊற்றிவிட்டதாகச் சொல்வார்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. கைப்பிடி உப்பு ஓர் அண்டாவுக்கு எந்த மூலைக்கு? சரியாக நிறுத்துப் போட்டாலும் அலை இல்லாத, காற்று கலக்காத அண்டாத் தண்ணீரில் உள்ள உயிர்க்காற்றைச் சிங்கி சீக்கிரமே தீர்த்துவிடும். அப்புறம் மூச்சு முட்டித்தான் சாகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தங்கை சம்பந்தி வீட்டார் முதல்முறையாக விருந்துக்கு வந்த நாள். விடியற்காலையில் தொண்டிக்குப் போய் ஒன்றரைக் கிலோவில் மூன்று சிங்கி வாங்கினேன். விற்றவர், "வீட்டுக்குப் போனதும் தண்ணியில விட்டுருங்க, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றார். கடலோரத்திலேயே இருப்பவர் வாயால் அந்த வார்த்தை வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் விட்டேன். பதினோரு மணிக்குப் பார்த்தால் மூன்றும் வாலை நீட்டிப் படுத்திருந்தன. சமைக்கப் போவதுதானே, செத்தால் என்ன என்று விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன். மதியம் ஓட்டை உடைத்தால் சதை கையோடு குழைந்து வந்தது. சிங்கியின் தலைக்குள், உண்டதைச் செரிக்க வைக்கும் ஒரு சுரப்பி இருக்கிறது. உயிர் போனதும் அந்தச் சாறு கசிந்து வால் சதையையே கரைக்க ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது. சம்பந்தியம்மாள் ஒரு வாய் எடுத்தார், இலை ஓரத்தில் ஒதுக்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கையின் முகத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சரியான வழி எளிது. விமானத்தில் வெளிநாட்டுக்கு உயிரோடு போகிற சிங்கிக்கே பெட்டிக்குள் தண்ணீர் கிடையாது. குளிரவைத்து, ஈரத்தோடு பொதிந்துதான் அனுப்புகிறார்கள். செவுளில் ஈரமும் உடம்பில் குளிர்ச்சியும் இருந்தால் பல மணி நேரம் காற்றிலேயே தாங்கும். தொண்டிக்குப் போகும்போது ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு கோணிச் சாக்கு, உறைய வைத்த தண்ணீர் பாட்டில் நாலு, ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கைக் கடல் நீரில் நனைத்துப் பிழியுங்கள். பாட்டில்களை அடியில் வைத்து, மேலே ஒரு சாக்கு, அதன்மேல் சிங்கி, அதை மூடி இன்னொரு சாக்கு. மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை. காலி பாட்டிலில் கடல் நீர் பிடித்துக்கொண்டால் திருவாடானை தாண்டியதும் சாக்கின்மேல் கொஞ்சம் தெளிக்கலாம்.

வெறும் ஐஸ் கட்டியைப் பெட்டியில் கொட்டாதீர்கள். அது உருகினால் நல்ல தண்ணீர்தானே. அண்டாவையே பெட்டிக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும்.

கண் முன்னாலேயே செத்துவிட்டால் உடனே தலையையும் வாலையும் திருகிப் பிரித்து, வாலைக் கழுவிப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸில் புதைத்து, அன்றைக்கே சமைத்துவிடலாம். எப்போது செத்தது என்று தெரியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். என்ன விலை கொடுத்திருந்தாலும் சரி. அக்கா மகனிடமும் அதைத்தான் சொன்னேன். அவனுக்கு மனசே வரவில்லை.

வாங்கும்போது மேலாகப் பார்ப்பது

மீசை ஆடுகிறது, உயிர் இருக்கிறது என்று எடை போடச் சொல்லிவிடுவார்கள். முதுகோட்டைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். வாலைப் படாரென்று வயிற்றுப் பக்கம் மடக்கி அடிக்க வேண்டும். வால் துணி மாதிரித் தொங்கினால் அது வீடு வரை தாங்காது. முதுகோட்டின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் சமீபத்தில் ஓடு கழற்றியது, சதை கம்மி, நீர்தான் அதிகம்.

வாலைத் திருப்பி அடியையும் பாருங்கள். கொத்துக் கொத்தாக முட்டை இருந்தால் வாங்காதீர்கள். அப்படிப்பட்டதைத் திரும்பக் கடலில் விடுவதுதான் நியாயம். குட்டியையும் அப்படியே. 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. வகையைப் பொறுத்து அது மாறும். நம் கடலில் கிடைப்பதில் ஒரு வகைக்கு 200 கிராம், பெரிதாக வளரும் வகைக்கு 500 கிராம். நம் வீட்டு அடுப்புக்கு அந்தச் சட்டம் இல்லை என்றாலும், நான் அந்த அளவுக்குக் கீழே வாங்குவதில்லை.

ஒரு கிலோ வாங்கினால் சதை அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. ஆள் கணக்குப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கொடுக்கைத் தேடுவது

நம் கடல் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது. வெளிநாட்டு வீடியோவில் வருவது வேறு இனம்.

உயிரோடு கொதிநீரில் போடுவது

இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அது வாலை அடித்துக்கொண்டு துடிக்கும், கொதிநீர் உங்கள்மேல் தெறிக்கும், சதையும் இறுகிப்போகும். உயிரோடு வாலைத் திருகிப் பிய்ப்பதும் கொடுமை. ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். உறைந்துவிடக் கூடாது, மரத்துப்போனால் போதும். பிறகு பலகையில் குப்புற வைத்து, கனமான கத்தியின் நுனியைத் தலையின் நடுக்கோட்டில் கண்களுக்குக் கொஞ்சம் பின்னால் ஊன்றி ஒரே அழுத்தாக முன்பக்கம் இறக்குங்கள். நிறுத்தாமல், கத்தியைத் திருப்பி வால் வரைக்கும் நீளவாக்கில் பிளந்துவிடுங்கள். அதன் நரம்பு நடுக்கோட்டிலேயே நீளமாக ஓடுகிறது. தலையை மட்டும் குத்தி நிறுத்தினால் முழுதாக அடங்காது. தயங்கித் தயங்கிக் குத்துவதுதான் அதற்குப் பெரிய வேதனை. கை நடுங்கினால் பழகிய ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். அதில் தவறே இல்லை.

பிளந்ததும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரைப்பை, பஞ்சு மாதிரி இருக்கும் செவுள், வால் நடுவே ஓடும் கறுப்புக் குடல் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

குக்கர்

வேண்டாம்.

நாட்டுக்கோழி மசாலாவைப் போடுவது

செட்டிநாட்டுச் சமையல் என்றால் கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் விழ வேண்டும் என்று ஒரு நினைப்பு. அவை கறிக்கும் கோழிக்கும் உரியவை. சிங்கியின் சதையில் மெல்லிய இனிப்பு இருக்கிறது. அன்னாசிப்பூ ஒன்று கூடினாலும் அந்த இனிப்பு இருந்த இடம் தெரியாது. அரைக் கிலோவுக்குப் பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, நாலு வரமிளகாய் போதும். அம்மியில் கரகரப்பாக அரைத்து, நல்லெண்ணெயில் கறிவேப்பிலை தாளித்து, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும் வரை மசாலாவை மட்டும் வதக்குங்கள். சிங்கி கடைசியில்தான் இறங்க வேண்டும். மசாலாவும் சிங்கியும் ஒன்றாக வேகட்டும் என்று விடுபவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது ரப்பர்.

சிவந்ததும் இறக்குவது, சிவந்த பிறகும் விட்டுவைப்பது

ஓட்டில் சிவப்பு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் குலைந்து சிவப்பு வெளியே தெரிகிறது. அது உள்சதை வெந்ததற்கு அடையாளம் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்த சதை, தடித்த இடத்திலும் முழு வெள்ளையாக மாறியிருக்க வேண்டும். பிளந்த அரைக் கிலோ சிங்கிக்கு ஓட்டுப் பக்கம் கீழே இருக்க, மூடி போட்டு ஐந்து நிமிஷம், திருப்பிப் போட்டு இரண்டு அல்லது மூன்று நிமிஷம். இதுவே என் கணக்கு.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள்

இதையும் தொட வேண்டாம்.

தலையைக் குப்பையில் போடுவது

வாலைத் தின்றுவிட்டுத் தலையை எறிகிறார்கள். எங்கள் அப்பத்தா கையில் ஓர் இறால் தலை கிடைத்தாலும் அதைத் தட்டி ரசத்தில் போட்டுவிடுவார். சிங்கித் தலையையும் கால்களையும் உலக்கையால் நசுக்கி, சோம்பும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, முழுகும் அளவு தண்ணீர் விட்டு இருபது நிமிஷம் கொதிக்க விடுங்கள். ஓட்டுத் துண்டு ஒன்றுகூட வராமல் துணியில் வடிகட்டி, மிளகைப் பொடித்துத் தூவி, புளி விடாமல், கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து சுடச்சுடக் கொடுங்கள். சிங்கியை வேண்டாம் என்று ஒதுக்குகிற பிள்ளைகள்கூட இந்தத் தண்ணீரை இரண்டாவது டம்ளர் கேட்கிறார்கள்.