எஃப்எல்எஸ்2–பிஏகே1 கூட்டை இலையிலிருந்து பிடிக்க: மதுரை வெயிலுக்கு ஏற்ற கோ-ஐபி முறை

எஃப்எல்ஜி22 என்பது பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தில் உள்ள 22 அமினோ அமிலத் துண்டு. செடியின் செல் சவ்விலுள்ள ஏற்பிப் புரதம் எஃப்எல்எஸ்2 இதை உணர்ந்த நொடிகளிலேயே துணை ஏற்பியான பிஏகே1-உடன் சேர்ந்துகொள்ளும். கோ-ஐபி என்பது ஒரு புரதத்தைப் பிடித்து இழுத்து, அதோடு ஒட்டி வருவதைப் பார்க்கும் முறை. இதற்கு எஃப்எல்எஸ்2-இல் ஜிஎஃப்பி டேக், பிஏகே1-இல் எச்ஏ டேக் (புரதத்தை அடையாளம் காட்டும் ஒட்டு) வைத்து, இரண்டையும் பெந்தமியானா (ஆய்வகப் புகையிலை இனம்) இலையில் வெளிப்படுத்த வேண்டும்.

மதுரையில் முதல் எதிரி வெப்பம். மரபணுவை இலைக்குள் கொண்டுபோகும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவில், டிஎன்ஏவைச் செலுத்தும் அமைப்பு 28 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. சித்திரை, வைகாசியில் ஊசி போட்ட செடியை நிழல்வலைக் கூடத்தில் விட்டால் வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் சோதனை) ஒன்றுமே தெரியாது. ஊசி போட்டபின் இரண்டு நாளும் 22–24 டிகிரி அறை வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

4–5 வாரச் செடி போதும். மொட்டு விட்ட செடி அக்ரோபாக்டீரியத்தின் குளிர்அதிர்ச்சிப் புரதத்தை உணர்ந்து எதிர்க்கும், வெளிப்பாடு குறையும்.

அக்ரோபாக்டீரியம் செல்களை 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்ஈஎஸ் (பிஎச் 5.6), 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கரைசலில் கலக்கி, ஒவ்வொன்றும் ஓடி (OD, செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.4, பி19 (மரபணு அடக்கத்தைத் தடுக்கும் வைரஸ் புரதம்) தரும் செல்கள் மட்டும் 0.2 என வைத்து 2 மணி நேரம் விடுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றி வெளிச்சத்தில் வைத்த செடியில்தான் இலைத்துளை திறந்திருக்கும். மூடியிருக்கும்போது சிரிஞ்சை அழுத்தினால் இலை நசுங்கும், கரைசல் போகாது.

48 மணி நேரம் கழித்து 1 மைக்ரோமோலார் எஃப்எல்ஜி22, பக்கத்து இலையில் வெறும் தண்ணீர். பத்தே நிமிடத்தில் திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள். நீர்த்த பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டும், ஆகவே ஒட்டாத வகை டியூப் எடுங்கள்.

உறைந்த இலையை அரைத்த ஒரு கிராம் பொடிக்கு 2 மில்லி பஃபர்: 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.5), 150 மில்லிமோலார் உப்பு, 10% கிளிசரால், 1% ஐஜிபால் (மென்மையான டிடர்ஜென்ட்), புரோட்டியேஸ் தடுப்பான், கொஞ்சம் பிவிபிபி (இலையின் ஃபீனால்களை உறிஞ்சும் பொடி). ஐஜிபால் குறைந்தால் ஏற்பி வண்டலிலேயே தங்கிவிடும்; கடுமையான டிடர்ஜென்டான எஸ்டிஎஸ் சேர்த்தால் கூட்டே உடையும். 4 டிகிரியில் சுழற்றி, தெளிவை ஜிஎஃப்பியைப் பிடிக்கும் பீட்ஸோடு ஒன்றரை மணி நேரம் உருட்டி, நாலு முறை கழுவுங்கள்.

எஃப்எல்எஸ்2-ஜிஎஃப்பி 200 கிலோடால்டனுக்கு மேல் ஓடும், 6% ஜெல் நல்லது. ஒப்பீட்டுக்கு வைத்த வெறும் ஜிஎஃப்பியோடும் பிஏகே1 வந்தால் கழுவியது போதவில்லை. தண்ணீர் சாம்பிளிலும் எஃப்எல்எஸ்2-உடன் வந்தால் அளவுக்கு மீறி வெளிப்பட்டிருக்கிறது: முதலில் பிஏகே1-இன் ஓடியைக் குறையுங்கள். இன்னொன்று, பிஏகே1-இன் சி-முனையில் டேக் வைத்தால் கூட்டு சேருமே தவிர, எதிர்ப்புச் சமிக்ஞை குன்றும். செயல்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், டேக் இல்லாத பிஏகே1-ஐ அதற்கான ஆன்டிபாடியால் அராபிடாப்சிஸ் என்ற மாதிரிச் செடியில் பாருங்கள்.