கார் டிக்கியில் ஆம்ப், வூஃபர் மாட்டுவது எப்படி? எர்த் விஷயத்தில் நான் பட்ட பாடு

என்னுடையது பழைய ஸ்விஃப்ட். முன்னால் ஆர்சிஏ அவுட் (ஆம்புக்குப் பாட்டின் சிக்னலைக் கொடுக்கும் துளை) உள்ள ப்ளூடூத் ஸ்டீரியோ ஏற்கெனவே போட்டிருந்தேன். அப்புறம் டிக்கியில் நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றையும் பத்து அங்குல வூஃபர் பெட்டியையும் நானே மாட்டினேன். இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு. மற்ற இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, வூஃபருக்கு. மாட்டி முடிக்க ஒரே ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது. ஆனால் எஞ்சின் ஓடும்போது கதவு ஸ்பீக்கரில் கேட்ட "ஙொய்ங்" சத்தத்தை ஒழிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒயர். டி கிளாஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப், மொத்தம் 300 வாட் என்றால் முழு வேகத்தில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். பானட்டிலிருந்து டிக்கிவரை 5 மீட்டர் போதும். சுத்தச் செம்பில் 8 கேஜ் ஒயர் எடுத்தால் அந்த ஓட்டத்தில் 0.28 வோல்ட்தான் விழும். அதைவிடத் தடித்த 4 கேஜ் என்றால் 0.11. கிட் என்று மலிவாக விற்பதில் பெரும்பாலும் அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசியிருப்பார்கள். அதே தடிமனில் அது ஒன்றரை மடங்கு வோல்டேஜைத் தின்னும். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே ஒட்டாது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். சென்னைக்காரர்கள் மல்டிமீட்டர், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்) எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வேலையைத் தொடங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ்வை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கி வையுங்கள். மஞ்சள் நிறக் கப்ளர் எதையாவது பார்த்தால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்குடையது.

பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ் வர வேண்டும். ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. நடுவில் எங்காவது ஒயர் உரசித் தகடு பட்டால், ஃப்யூஸ் இல்லாத நிலையில் பேட்டரியின் முழுச் சக்தியும் அதில் பாயும். கார் எரிந்துபோகும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் கட்டாயம் ரப்பர் புஷ் இருக்கட்டும். பாசிட்டிவ் ஒயரைக் காரின் ஒரு பக்க வாசல்படி பிளாஸ்டிக்குக்குக் கீழே ஓட்டுங்கள், ஆர்சிஏ கேபிளை மறுபக்கம் ஓட்டுங்கள். ஸ்டீரியோவிலிருந்து ரிமோட் ஒயரையும் (ஆம்பை ஆன், ஆஃப் செய்வது இதுதான்), முன்கதவுகளுக்குப் போகும் ஸ்பீக்கர் ஒயர்களையும் ஆர்சிஏ பக்கமே கொண்டுவரலாம்.

இனி எர்த், அதாவது ஆம்பின் நெகட்டிவ்வைக் காரின் உடல் தகட்டோடு இணைப்பது. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டில் எர்த் ஒயரை முறுக்கிவிட்டேன். ஆம்ப் ஓடியது, பாட்டு வந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் சத்தமும் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறியது. சுருதி ஏறினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது என்று அர்த்தம். ஆர்சிஏ கேபிளை மாற்றினேன். ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டினேன், சத்தம் குறைந்தது, கூடவே பாஸும் மெலிந்தது. கடைசியில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் நீண்ட ஒயர் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். பாட்டைச் சத்தமாக வைத்தபோது 0.9 வோல்ட் காட்டியது. அவ்வளவு இருக்கவே கூடாது.

காரணம் பெயின்ட். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் அதற்குக் கீழ் பிரைமரும் இருந்ததால் லக் தகட்டைத் தொடவே இல்லை. மரையின் சில இழைகள் வழியாக மட்டும்தான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. நேர் வழி அடைபட்டதும் ஆல்டர்னேட்டரின் அலையும் சேர்ந்து ஆர்சிஏ கேபிளின் உறை வழியாக ஸ்டீரியோவின் எர்த்தைத் தேடிப் போகிறது. அந்த ஓட்டத்தைத்தான் ஸ்பீக்கர் பாட்டோடு சேர்த்துப் பாடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். தடித்த உடல் தகட்டில் ஓரிடம் தேர்ந்தெடுங்கள். சீட் பெல்ட் போல்ட் வேண்டவே வேண்டாம், அது உயிர் காக்கும் போல்ட். உப்புத்தாளால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தேயுங்கள். துளை போடுவதானால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள், அங்கே பெட்ரோல் டேங்க் இருக்கலாம். வளைய லக்கை ஒயரோடு நசுக்கி நன்றாகக் கிரிம்ப் செய்து, பல் உள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். பிறகு மேலே பெயின்ட் அடியுங்கள், இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயரின் அதே கேஜில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். இப்படிச் செய்தபின் என் காரில் 0.06 வோல்ட்தான் காட்டியது. சத்தம் அறவே நின்றது. அந்த ஃபில்டரையும் கழற்றிவிட்டேன்.

இணைப்புகளுக்குக் கடிக்கும் கிளிப் போடாதீர்கள். குண்டும் குழியுமான சாலையில் அது தளரும். சோல்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். ஆம்பை வூஃபர் பெட்டிமேல் திருகவும் வேண்டாம், அதிர்விலேயே ஒருநாள் உள்ளே ஏதாவது விட்டுப்போகும்.

கடைசியாக கெய்ன். அது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. வூஃபர் ஒயரைக் கழற்றி, ஸ்டீரியோ பாஸை நடுவில் வைத்து, வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். ஆம்பின் அவுட்புட்டில் ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓம் வூஃபருக்கு 200 வாட் வேண்டுமென்றால் 200-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 28 வோல்ட். கெய்னை மெதுவாக ஏற்றி, அதைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். வூஃபருக்கு லோ பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸும் (அதற்கு மேலுள்ளதை மட்டும் விடுவது) 80.

பின்னர் சேர்த்தது: எஃப்எம் பாடுகிறது, ப்ளூடூத்துக்கு மாற்றினால் ஆம்ப் அணைந்துவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ரிமோட் ஒயரை வெறும் நீல ஒயரில் கொடுத்திருப்பீர்கள். அது ஆன்டெனாவுக்கானது, சில ஸ்டீரியோக்களில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் மின்சாரம் வரும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயருக்கு மாற்றுங்கள்.

இன்னொருவருக்கு எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லை. ஆம்ப் பக்கம் ஆர்சிஏவைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஆம்பில் இல்லை, முன்னால் ஸ்டீரியோவின் எர்த்தில் அல்லது கேபிளில். ஸ்டீரியோவின் கறுப்பு ஒயரை டாஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டிய இரும்பில் நேரடியாகக் கொடுத்தபின் அவருக்கும் சரியாகிவிட்டது.