கீசரில் வெந்நீர் நூல் மாதிரி வருகிறதா? முதலில் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள்

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் நூல் பிடித்த மாதிரி வர ஆரம்பித்தது. அதே மிக்சரில் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) பச்சைத் தண்ணீரைத் திறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கெட் ரொம்பறதுக்குள்ள காப்பி குடிச்சிட்டு வந்துரலாமாட்ட இருக்குதுங்க மாப்ள" என்றார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா?

வந்து பார்த்த பிளம்பர், "உள்ளாற உப்பு அடைச்சுக்கிச்சுங்க, புது கீசர் போட்டுருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐந்து வருடம்கூட ஆகாத 15 லிட்டர் கீசர். மனம் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து நானே சரிசெய்தேன். முதல் ஞாயிறு முழுக்க வீண். அந்த ஞாயிறு உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவையில், வடவள்ளிப் பக்கம். குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போரின் உப்புத் தண்ணீர். தரைத்தளம் மட்டும், மொட்டை மாடியில் டேங்க். பிரஷர் பம்ப் கிடையாது. உங்கள் வீடும் ஏறக்குறைய இப்படியென்றால் கீழே உள்ளது அப்படியே பொருந்தும்.

ஏன் வெந்நீர் மட்டும்?

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். வெந்நீர் வரவில்லை என்றதும் வெந்நீர் ஓடும் பாதையைத்தான் கை தேடும். நானும் சவரைக் கழற்றிக் கழுவினேன், சிவப்புப் பக்க கனெக்‌ஷன் பைப்பை மாற்றினேன், மிக்சரின் ஸ்பிண்டிலை (கைப்பிடிக்கு உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) மாற்றினேன். ஒரு சொட்டுகூடக் கூடவில்லை.

ஸ்டோரேஜ் கீசர் என்பது எப்போதும் தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும் ஒரு மூடிய டிரம். அதற்குள் பம்ப் எதுவும் இல்லை. நீல வளையம் போட்ட பக்கம் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து தள்ளுவதால்தான் மேலே இருக்கும் சுடுதண்ணீர் சிவப்பு வளையம் வழியாக வெளியே வருகிறது. ஒரு லிட்டர் உள்ளே போனால்தான் ஒரு லிட்டர் வெளியே வரும். நீலப் பக்கம் கால்வாசி அடைத்தாலும் குறைவது என்னவோ வெந்நீர்தான்.

இன்னொன்று, டேங்க் உயரம். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் சுமார் 1 பார் அழுத்தம் தரும். எங்கள் டேங்கின் அடிப்பகுதி சவரைவிட ஆறேழு அடிதான் உயரம், 0.2 பார் தேறினால் அதிகம். இவ்வளவு சொற்ப அழுத்தத்தில் ஒரு சின்னக் கல் சிக்கினாலும் தெரியும். கீசர் மேல் 8 பார் என்று ஒட்டியிருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது கீசர் தாங்கும் அளவு, தரும் அளவு இல்லை.

முதலில் ஒரு பக்கெட், ஒரு கடிகாரம்

கண்ணால் பார்த்து "கம்மியா வருது" என்பதெல்லாம் கணக்கில் சேராது. 20 லிட்டர் பக்கெட்டை மிக்சருக்குக் கீழே வைத்துப் பச்சைத் தண்ணீர் நிறைய எவ்வளவு நேரம், வெந்நீர் நிறைய எவ்வளவு நேரம் என்று மொபைலில் பாருங்கள். எனக்குப் பச்சைத் தண்ணீர் 1 நிமிடம் 50 நொடி, வெந்நீர் 6 நிமிடம் 20 நொடி.

இரண்டுமே மெதுவென்றால் கீசரைத் தொடாதீர்கள். டேங்கிலிருந்து இறங்கும் லைனின் கேட் வால்வைப் பாருங்கள். சவரில் மட்டும் மெது, கீழ்க்குழாயில் இரண்டும் நன்றாக வருகிறதென்றால் சவர் ஓட்டைகள்தான். ஒரு கவரில் வினிகர் ஊற்றி, சவரோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு இரவு விட்டால் போதும். டாய்லெட் ஆசிட் வேண்டாம், குரோமைத் தின்றுவிடும். ஒரே சவரில் பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் வரவில்லையென்றால் சவர் நிரபராதி. இது எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

கழற்றும் முன்

ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்குங்கள். கீசருக்கு மெயின் போர்டில் தனி எம்.சி.பி (ட்ரிப் ஸ்விட்ச்) இருந்தால் அதையும் இறக்குங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து, வருவது முழுக்கப் பச்சைத் தண்ணீராக மாறும்வரை விடுங்கள். உள்ளே 60 டிகிரிக்கு மேல் தண்ணீர் இருக்கும்போது நட்டில் கை வைக்கக் கூடாது.

கருவி என்று பார்த்தால் 10 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று நல்லதாக இருந்தால் போதும். பைப் ரெஞ்ச் பித்தளை நட்டைக் கடித்துக் குதறிவிடும். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும், துணி சுற்றிக்கொண்டு. டெஃப்லான் டேப் இரண்டு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தண்ணீரில் விழும்.

இரண்டே சோதனை

சிவப்புப் பக்க கனெக்‌ஷன் பைப்பைச் சுவர்ப் பக்கம் மட்டும் கழற்றி, அந்த முனையை ஸ்டூல் மேல் வைத்த பக்கெட்டில் விடுங்கள். நீலப் பக்க ஆங்கிள் காக் (சுவரிலிருந்து பைப்புக்குத் தண்ணீர் விடும் சின்னத் திருகு வால்வு) திறந்தே இருக்கட்டும். தண்ணீர் நன்றாகக் கொட்டினால் கீசர் வரைக்கும் பழுதில்லை. அடைப்பு சுவருக்குள்ளோ மிக்சரிலோ இருக்கிறது. சில பிளம்பர்கள் சிவப்புப் பக்கமும் ஆங்கிள் காக் வைத்திருப்பார்கள், அது பாதி மூடியிருக்கலாம். மிக்சரின் வெந்நீர்க் காலில் சல்லடை வாஷர் இருந்தால் அதில் மண் சேர்ந்திருக்கும். ஸ்பிண்டில் ரப்பர் சூட்டில் ஊதிப்போயிருக்கலாம்.

இங்கேயும் நூல் மாதிரிதான் வருகிறதா? எனக்கு அப்படித்தான் வந்தது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, நீலப் பக்க பைப்பைக் கீசர் பக்கம் கழற்றி, அதைப் பக்கெட்டுக்குள் வளைத்துப் பிடித்து, ஆங்கிள் காக்கைத் திறங்கள். இங்கே தண்ணீர் பீறிட்டுச் சட்டையெல்லாம் நனைந்தது. அதாவது ஆங்கிள் காக் சரி, பைப் சரி, வெளியேறும் வழியும் போன வாரமே மாற்றியாகிவிட்டது. நடுவே மிச்சம் இருப்பது கீசரும், அதன் நீல வாயில் கட்டைவிரல் கனத்தில் திருகியிருக்கும் சேஃப்டி வால்வும்.

சேஃப்டி வால்வு

பித்தளையில் சின்னதாக ஒரு லீவரோடு இருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது: உள்ளே போன தண்ணீரைத் திரும்பி வரவிடாது, உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் திறந்து விடும். கீசர் வாயிலேயே உட்கார்ந்திருப்பதால் அதுவும் சூடாகிறது. உப்புத் தண்ணீர் சூடானால் சுண்ணாம்பு பிரிந்து ஒட்டும். உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதேதான்.

இதைக் கழற்றும்போதுதான் நான் குளித்தேன். வால்வைத் திருகி எடுத்ததும் 15 லிட்டரும் முழங்கை வழியாக இறங்கியது. நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: ஆங்கிள் காக்கை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள் (முதல் சோதனைக்குக் கழற்றிய சிவப்புப் பைப்பை மாட்டவில்லையென்றால் அந்த முனை திறந்திருந்தாலே போதும்). காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். பிறகு வால்வின் லீவரைத் தூக்கிப் பிடித்து மெதுவாக வடியவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், பரவாயில்லை. லீவர் அசையவே இல்லையென்றால் உள்ளே இறுகிவிட்டது என்று பொருள். அப்போது பெரிய டப்பைக் கீழே வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்புப் பொருக்கு, அதில் சிக்கிய போர் மணல், எல்லாவற்றுக்கும் மேல் சுருண்டு கிடந்த டெஃப்லான் டேப் துண்டு. முதலில் மாட்டியவர் மரையின் முனைக்கு வெளியே டேப் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றியிருக்கிறார். அது கிழிந்து உள்ளே போய், மணலைப் பிடித்து வைத்திருக்கிறது.

எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டேன். பொருக்கு போய்விட்டது. ஆனால் வாயால் ஊதிப் பார்த்தால் அம்புக்குறித் திசையிலும் காற்று போனது, எதிர்த் திசையிலும் போனது. அடுத்த நாள் புது வால்வு வாங்கினேன், முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். என்னைக் கேட்டால் கழுவுவதற்கே நேரம் செலவழிக்க வேண்டாம். அடைப்பு போனதா என்று பார்க்கலாம், ஆனால் அழுத்தம் ஏறும்போது திறக்குமா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. உங்கள் கீசரில் எழுதியிருக்கும் அதே பார் அளவில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது அம்புக்குறி கீசரைப் பார்க்க வேண்டும். டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று, முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள். எல்லாம் மாட்டியபின் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் இடைவிடாமல் வரும்வரை ஸ்விட்ச் போடாதீர்கள். காலி கீசரில் போட்டால் காயில் போய்விடும்.

பக்கெட் கணக்கு: 2 நிமிடம் 15 நொடி. மாமனார் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பிற்சேர்க்கை 1: படித்த ஒருவர் சேஃப்டி வால்வையே எடுத்துவிட்டு நேராக பைப்பை மாட்டியதாகவும், தண்ணீர் அருமையாக வருவதாகவும் எழுதினார். தயவுசெய்து வேண்டாம். தெர்மோஸ்டாட் பழுதானால் கடைசிக் காவல் அதுதான். இன்னொருவர் வால்விலிருந்து சொட்டுகிறது என்று ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்திருந்தார். அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் கால் லிட்டர் அளவு விரியும். அது போக வழி வேண்டாமா? சூடாகும்போது மட்டும் சொட்டுவது இயல்பு. நாள் முழுக்க ஒழுகினால்தான் கோளாறு.

பிற்சேர்க்கை 2: 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர்காரர்கள் நிறையப் பேர் கேட்கிறீர்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் அடைப்பு இல்லை. 3 கிலோவாட் காயிலால் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றேமுக்கால் லிட்டரைத்தான் 25 டிகிரி ஏற்ற முடியும். முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பு, சூடு வேண்டுமென்றால் நூல். இதற்குப் பெரிய கீசர்தான் வழி, ஸ்பேனர் இல்லை.

பிற்சேர்க்கை 3: டேங்க் கழுவிய மறுநாள் வெந்நீர் சுத்தமாக நின்றுவிட்டது என்றால் வால்வைக் கழற்றாதீர்கள். கீசருக்கு மாடியிலிருந்து தனி லைன் வரும் வீடுகளில் அதில் காற்று அடைத்துக்கொள்ளும். ஸ்விட்சை அணைத்து, கீசரின் நீலப் பக்க நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்றுப் போய்த் தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் இறுக்கிவிடுங்கள்.